சொந்த ஏர் ரைஃபிளை செட் செய்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு ரேஞ்சில் வாரம் நான்கு மாலை சிலிண்டருக்குக் காற்று ஏற்றித் தருகிறேன். கம்ப்ரசர் ஓடும் அந்தச் சில நிமிடங்களில்தான் எல்லோருக்கும் சந்தேகம் வரும். அப்பாக்கள், அம்மாக்கள், காலேஜ் பசங்கள் என்று யார் வந்தாலும் கேள்வி ஏறக்குறைய அதேதான். தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். இங்கே சொல்வதெல்லாம் 10 மீட்டர் மேட்ச் ஏர் ரைஃபிளைப் பற்றி மட்டும்.

"அண்ணா, ஏர் ரைஃபிள்னா திருவிழாவுல பலூன் சுடுவோமே, அதுதானே? அதுக்கு எதுக்கு ரெண்டு லட்சம்?"

இரண்டும் காற்றால் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டைத் தள்ளுகின்றன. ஒற்றுமை அவ்வளவுதான். பலூன் துப்பாக்கியில் பேரலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். ட்ரிகரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து முட்டும். பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி இரண்டு முறை உதறிவிடும். மேட்ச் ரைஃபிளில் சிலிண்டரில் ஏற்கெனவே அடைத்த காற்றிலிருந்து ஒரு சிட்டிகை மட்டும் திறந்து மூடுகிறது. உதறல் தோளுக்குத் தெரியாது.

டார்கெட்டைப் பார்த்தால் விலை புரியும். முழு வட்டமும் 45.5 மி.மீ.தான். நடுவில் பத்து மதிப்பெண் தரும் இடம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட்டே 4.5 மி.மீ. தடிமன் என்பதால் அந்தப் புள்ளியை விளிம்பால் தொட்டாலே 10.0 கிடைக்கும். நட்டநடுவில் விழுந்தால் 10.9. இடையில் இருக்கும் ஒவ்வொரு தசமத்துக்கும் 0.25 மி.மீ. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் வரும்.

"லைசென்ஸ் வேணுமா சார்? போலீஸ் பிரச்சினை வருமா?"

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மேல் குழல் விட்டமோ 20 ஜூலுக்கு மேல் சக்தியோ உள்ள ஏர் கன்னுக்குத்தான் லைசென்ஸ். மேட்ச் ரைஃபிள் அரை கிராம் பெல்லட்டை விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஏழரை ஜூல் அளவுதான் வரும். எல்லைக்குப் பாதி கூட இல்லை.

அதற்காகத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். பில்லின் நகல், கிளப் அடையாள அட்டை இரண்டும் எப்போதும் கேஸுக்குள் இருக்கட்டும். பிள்ளைக்கு வாங்குவதானால் பில் பெற்றோர் பெயரில் இருக்கட்டும்.

"யூட்யூப்ல அமெரிக்காக்காரங்க பேரல் தனியா, ட்ரிகர் தனியா வாங்கி செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளையே வீட்டுல கோக்குறாங்க. அந்த மாதிரி நாமளும் பாகம் பாகமா சேர்க்கலாமா?"

அங்கே ஏஆர்-15 வகையில் லோயர் ரிசீவர் என்ற ஒரே பாகம்தான் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. மற்றவை உதிரிபாகங்கள், தபாலில் வீட்டுக்கு வரும். அந்த வீடியோக்கள் அந்த ஊர்ச் சட்டத்துக்கு எடுத்தவை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்று சொல்லும்போதே அதன் பாகங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது, கோப்பது, மாற்றியமைப்பது எல்லாமே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் கேள்விக்குள் ஒரு நல்ல ஆசை இருக்கிறது: என் உடம்புக்கு ஏற்ற மாதிரி என் ரைஃபிள். மேட்ச் ஏர் ரைஃபிளில் அதற்கு நிறையவே இடம் உண்டு. பேரல், ரெகுலேட்டர் (காற்றின் அழுத்தத்தைச் சீராக்கும் பாகம்), வால்வு எல்லாம் கம்பெனி பொருத்தியபடி இருக்கட்டும், தொடாதீர்கள். சைட் (குறி பார்க்கும் பாகம்), சீக் பீஸ் (கன்னம் சாயும் கட்டை), பட் பிளேட் (தோளில் பதியும் தட்டு), கிரிப் (கைப்பிடி), ரைசர் (சைட்டை உயர்த்தும் துண்டு), வெயிட், பெல்லட் ஆகியவற்றை நாம் தேர்ந்தெடுக்கலாம். இந்தப் பக்கம் முழுக்க அவற்றைப் பற்றித்தான்.

"வால்தரா, ஃபைன்வெர்க்பாவா? ஒண்ணு சொல்லுங்க, கண்ணை மூடிட்டு வாங்கிடுறேன்."

கண்ணைத் திறந்து வாங்குங்கள். ஜெர்மனியின் உல்ம் நகரத்து வால்தரும் ஆன்ஷூட்ஸும், ஓபர்ன்டார்ஃபின் ஃபைன்வெர்க்பாவும், ஆஸ்திரியாவின் ஸ்டெய்ரும் செய்யும் மேட்ச் ரைஃபிள்களை வைஸில் (அசையாமல் பிடிக்கும் பட்டறை இடுக்கி) இறுக்கிச் சுட்டால் நான்குமே ஒரே ஓட்டையில் போடும். பெல்லட் போகிற இடத்தில் வித்தியாசம் தேடுவது வீண்வேலை. வித்தியாசம் கையில்தான் தெரியும். கிரிப்பின் கோணம், லோடிங் லீவரின் பக்கம், சீக் பீஸ் எவ்வளவு தூரம் இறங்கும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

அதற்கும் மேல் நான் பார்ப்பது, உங்கள் ரேஞ்சில் அதிகம் பேர் வைத்திருப்பது எது என்பது. மேட்சுக்கு முந்தின நாள் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் ஜெர்மனிக்கு மெயில் போட்டுக்கொண்டிருக்க முடியாது. பக்கத்து லேன்காரர் பெட்டியில் அதே ஓ-ரிங் இருந்தால் பத்து நிமிட வேலை. நம்பகம் என்பதில் பாதி இதுதான். அழகான, அபூர்வமான மாடல் ஒன்றை வாங்கிவிட்டு ஒரு சீலுக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தவரை எனக்குத் தெரியும். கிளப் ரைஃபிளில்தான் அந்த வருடம் மாநிலப் போட்டி சுட்டார்.

"பொண்ணுக்கு 12 வயசு. பெரியவங்க ரைஃபிளாவே வாங்கிட்டா வளர்ந்தப்புறமும் ஆகும்ல?"

பள்ளிச் சீருடையை இரண்டு சைஸ் பெரிதாகத் தைப்பது போல இதைச் செய்யக்கூடாது. விதிப்படி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அது உச்சவரம்பு, அவ்வளவு கனத்தை எட்டியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளை நான்கரை கிலோவைத் தூக்கி நிறுத்த இடுப்பை முன்னால் தள்ளி முதுகைப் பின்னால் வளைக்கும். அப்படி அறுபது ஷாட், தினமும். கோணல் பழகிவிட்டால் அதை மாற்றுவதைவிட ரைஃபிளை மாற்றுவது சுலபம். முதுகு வலி வேறு.

சிறுவர்களுக்கென்று குட்டை ஸ்டாக்கும் (துப்பாக்கியின் கட்டைப் பகுதி) குறைந்த எடையும் கொண்ட மாடல்களை மேலே சொன்ன கம்பெனிகளே செய்கின்றன. வாங்கப் பணம் கூடவில்லையென்றால் ஒரு வருடம் கிளப் ரைஃபிளில் பட் பிளேட்டை முழுக்க உள்ளே தள்ளி, வெயிட்டெல்லாம் கழற்றிவிட்டுச் சுடட்டும். அந்த ஒரு வருடத்தில் பிள்ளைக்கு இதில் ஆசை நிலைக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பல வீடுகளில் நிலைப்பது அப்பாவின் ஆசை மட்டும்தான்.

"ரைஃபிள் வாங்கியாச்சு. கையில இருபதாயிரம் மிச்சம். எந்த பார்ட்டை முதல்ல மாத்தலாம்?"

எதையும் வேண்டாம். முதல் மூன்று மாதம் ஆலன் கீயும் ஒரு நோட்டும் போதும். கம்பெனி கொடுத்த சீக் பீஸும் பட் பிளேட்டும் ஏற்கெனவே நான்கைந்து திசையில் நகரும். அதில் கால்வாசியைக்கூடப் பயன்படுத்தாமல், பளபளவென்று அனோடைஸ் செய்த புது பட் பிளேட் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது. பொசிஷனில் நின்று ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தை சாய்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். பின் சைட்டின் ஓட்டைக்குள் முன் சைட் நடுவில் தெரிந்தால் சீக் பீஸ் உயரம் சரி. கழுத்தை நீட்டியோ கன்னத்தை அழுத்தியோ தேட வேண்டியிருந்தால் தவறு. முன் சைட் சரியாகத் தெரிந்தும் டார்கெட் பக்கவாட்டில் தள்ளி இருந்தால் ரைஃபிளைத் தொடாதீர்கள், பாதங்களை நகர்த்துங்கள். இதைப் பத்து முறை செய்து பத்து முறையும் அதேபோல் வந்த பிறகு, ஒவ்வொரு அளவுகோலின் எண்ணையும் நோட்டில் எழுதி, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இந்த நோட்டு பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

அதன் பிறகும் பணம் இருந்தால் பெல்லட்டுக்கு, அடுத்து ஷூட்டிங் ஜாக்கெட்டுக்கு (சுடும்போது போடும் தடித்த கேன்வாஸ் உடை), பிறகு சைட்டுக்கு. பட் பிளேட் எல்லாவற்றுக்கும் கடைசி.

"பெல்லட் எல்லாம் ஒண்ணுதானே? டப்பா மேல 4.49, 4.50னு போட்டிருக்கே, அது என்ன?"

அது பெல்லட்டின் தலை விட்டம். ஒவ்வொரு பேரலும் அச்சில் மயிரிழை வித்தியாசத்தோடு வரும். ஒன்றுக்கு 4.49 பிடிக்கும், அதே மாடலின் அடுத்த ரைஃபிளுக்கு 4.50 பிடிக்கும். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், செக் நாட்டு ஜே.எஸ்.பி. ஆகிய மூன்றும் இங்கே அதிகம் ஓடுகிறவை. எது சிறந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் பேரலிடம் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? ரைஃபிளை வைஸில் ரப்பர் அட்டை வைத்துப் பிடித்து, ஒவ்வொரு வகையிலும் பத்து ஷாட் ஒரே இடத்தில் விடுங்கள். கிழிந்த ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து பாருங்கள். 6 மி.மீ.க்குள் வந்தால் நல்ல பேட்ச், தயங்காமல் அதே பேட்ச் எண்ணில் ஒரு சீசனுக்கு வேண்டியதை வாங்கி வையுங்கள். அடுத்த பேட்ச் வேறு அச்சில் வந்திருக்கும், பெயர் ஒன்றாக இருந்தாலும் குணம் மாறும். 8 மி.மீ. போனால் அந்த டப்பா பயிற்சிக்கு. முன்பின் யோசிக்காமல் மலிவு பெல்லட்டில் மேட்ச் சுட்டுவிட்டு ரைஃபிளைக் குறை சொல்கிறவர்கள் மாதம் ஒருவராவது வருவார்கள்.

ஒன்று: பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமோசாவைத் தொடக்கூடாது. பெல்லட்டை வாயில் கடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது. பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

"முன் சைட்ல சின்ன ரிங் போட்டா கறுப்பு டைட்டா தெரியுது. அப்ப அதுதானே துல்லியம்?"

அப்படித்தான் தோன்றும். டார்கெட்டின் கறுப்பு வட்டத்தை ஒட்டியபடி ரிங் இருந்தால் கை நடுங்கும் ஒவ்வொரு முறையும் கறுப்பு ரிங்கில் இடிப்பது போலத் தெரியும். மனம் பயந்து, சரியான நொடிக்காகக் காத்து, ட்ரிகரைப் பிடுங்கும். ரிங்குக்கும் கறுப்புக்கும் இடையே தாராளமாக வெள்ளை தெரிந்தால் கண் தானாகவே நடுவைப் பிடிக்கும். வட்டத்துக்குள் வட்டத்தை மையப்படுத்துவதில் மனிதக் கண் படுகெட்டி. கோலத்தில் புள்ளி வைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்களே.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் 4 மி.மீ.க்கு அருகில் போடச் சொல்வேன். சுற்றினால் அளவு மாறும் அட்ஜஸ்டபிள் ரிங் கிடைக்கிறது. வாங்கத் தகுந்த முதல் உதிரிபாகம் என் கணக்கில் அதுதான். ஆனால் அதையும் மேட்ச் நடுவில் திருகிக்கொண்டிருக்காதீர்கள். பின் சைட்டின் ஐரிஸை (பார்க்கும் ஓட்டையைச் சுருக்கி விரிக்கும் பாகம்) ரொம்பச் சுருக்கினால் படம் கூர்மையாகும், கூடவே இருட்டும். டியூப்லைட் மங்கலான நம் ரேஞ்சுகளில் ஒரு படி திறந்தே வையுங்கள்.

"நான் கண்ணாடி போடுறேன். சைட்லயே பவர் லென்ஸ் வைக்க முடியாதா?"

மேட்சில் முடியாது. பார்வையைத் திருத்தும் லென்ஸை ரைஃபிளில் பொருத்த விதி இடம் தராது. முகத்தில் அணியலாம். சாதாரணக் கண்ணாடியில், தலை சாயும்போது லென்ஸின் ஓரத்து வழியாகப் பார்ப்பீர்கள், அங்கே பவர் மாறித் தெரியும். ஷூட்டிங் ஃபிரேம் வாங்கி லென்ஸின் நடுவைப் பின் சைட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். கண் டாக்டரிடம், முன் சைட் தெளிவாக வேண்டும், டார்கெட் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை என்று சொல்லுங்கள். ரைஃபிள் கேஸோடு போய்ப் பயமுறுத்த வேண்டாம், கண்ணிலிருந்து முன் சைட்டுக்கு எத்தனை செ.மீ. என்று அளந்துகொண்டு போனால் போதும்.

"ட்ரிகரை எவ்வளவு லைட்டா வைக்கலாம்? ஃப்ரெண்டு 30 கிராம்ல வச்சிருக்கானாம்."

ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் என்று விதி உண்டு. ஏர் ரைஃபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பு கிடையாது. அதனால்தான் இந்தப் போட்டி. உங்கள் நண்பன் ஒரு நாளைக்கு எத்தனை ஷாட்டைத் தெரியாமல் விடுகிறான் என்றும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு கட்ட ட்ரிகரில் முதல் கட்டம் தளர்வாக வந்து ஒரு சுவரில் நிற்கும். அந்தச் சுவர் விரலுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். கிராம் கணக்கைவிட அது முக்கியம். தொடக்கத்தில் 100 கிராம் பக்கம் வைத்து, முதல் கட்டத்துக்குப் பெரும்பங்கு எடையைக் கொடுங்கள். குளிர்ந்த ஏ.சி. ஹாலில் விரல் மரத்துப்போகும்போது 30 கிராம் ட்ரிகர் உங்களைக் கேட்காமலே போய்விடும். ட்ரிகர் பிளேடின் இடத்தையும் பாருங்கள். விரல் நுனிச் சதை நேர்பின்னால் இழுக்கும்படி இருக்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் 9.9-கள் எல்லாம் ஒரே பக்கம் வரிசை கட்டும்.

"கைப்பம்புல காத்து அடிக்கலாமா? இல்லேன்னா எங்க தெரு வெல்டிங் கடையில சிலிண்டர் இருக்கு..."

வெல்டிங் கடைப் பக்கமே போகாதீர்கள். அங்கே இருப்பது ஆக்ஸிஜன். அழுத்தமான ஆக்ஸிஜனும் ஒரு துளி எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் வெடிக்கும். ஆஸ்பத்திரி சிலிண்டரும் அதே கதைதான். சுத்தமான, உலர்ந்த காற்று மட்டும்.

கைப்பம்பில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) ஏற்றலாம், தோள் கழன்றுவிடும் அவ்வளவுதான். ஆனால் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரம் முழுவதும் பம்பு வழியாக சிலிண்டருக்குள் போகும். உள்ளே தண்ணீராகி வால்வையும் ரெகுலேட்டரையும் மெல்ல அரிக்கும். ஒரு முறை ஐந்து வருடக் கைப்பம்பு சிலிண்டர் ஒன்றைக் காலி செய்துவிட்டுத் திறந்து கவிழ்த்தேன். டம்ளர் அடியில் காபி மிஞ்சுமே, அந்த நிறத்தில் ஒரு ஸ்பூன் நீர் மேஜையில் விழுந்தது. உரிமையாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முடிந்தவரை ஃபில்டர் உள்ள கம்ப்ரசரிலோ டைவிங் டேங்கிலிருந்தோ ஏற்றுங்கள். மெதுவாக ஏற்றுங்கள், வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகி முள் 200 காட்டும், ஆறியதும் 180-க்கு இறங்கிவிடும்.

ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் (ஆம், ஒருவர் போட்டார்) கூடாது. காரணம் இந்தப் பதிலின் முதல் பத்தியில் இருக்கிறது.

"ரைஃபிளைக் கொஞ்ச நேரம் சும்மா வச்சிட்டு எடுத்தா முதல் ஷாட் மட்டும் மேல போகுது. பெல்லட் பிரச்சினையா?"

இல்லை, பெரும்பாலும் ரெகுலேட்டர். சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அளவு காற்று போகும்படி குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. அதன் சீட் தேய்ந்தால் சும்மா இருக்கும்போது காற்று கொஞ்சம் கொஞ்சமாக ஊறி உள்ளே அழுத்தம் ஏறும். முதல் ஷாட் அந்த ஏறிய அழுத்தத்தில் வேகமாகப் போகும்.

எவ்வளவு மேலே என்பதைக் கணக்குப் போடலாம். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடப்பதற்குள் 17 மி.மீ. கீழே இறங்குகிறது. 175 ஆனால் 16 மி.மீ. ஒரு மி.மீ. வித்தியாசம். முதல் பதிலில் சொன்ன தசமக் கணக்கில் அது நான்கு தசமம், 10.9 விழ வேண்டிய இடத்தில் 10.5. ஒரு ஷாட்டுக்குப் பரவாயில்லை. மேட்சுக்கு முன் 15 நிமிடத் தயாரிப்பு நேரத்தில் நிறைய சைட்டர் (கணக்கில் சேராத சோதனை ஷாட்) விட்டுத் தப்பிக்கலாம். ஆனால் இது வளரும். சர்வீஸுக்கு அனுப்புங்கள், நீங்களே பிரிக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, நேரம் போகப் போக எல்லாம் கீழே இறங்கினால் சிலிண்டர் முள்ளைப் பாருங்கள். அழுத்தம் ரெகுலேட்டருக்கு வேண்டிய அளவுக்கும் கீழே போயிருக்கும். மேனுவலில் அந்த எல்லை இருக்கும், நான் 100 பாரைத் தொட்டாலே ஏற்றிவிடுவேன்.

"செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரைஃபிள் பாதி விலைக்கு வருது. என்ன பார்க்கணும்?"

முதலில் சிலிண்டரைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். சிலிண்டருக்குப் பத்து வருட ஆயுள்தான், தயாரித்த தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். தேதி தாண்டியதை மேட்சில் ஏற்கமாட்டார்கள், நானும் ஏற்றித் தரமாட்டேன்.

இதில் எனக்கே சூடு பட்டிருக்கிறது. பல வருடங்களுக்கு முன் வேறு ஊரில் ஒருவரிடம் புதுசு மாதிரி இருந்த ரைஃபிளை வாங்கினேன். ஸ்டாக்கில் ஒரு கீறல் இல்லை. "வீட்டம்மா மாதிரி பார்த்துக்கிட்டேன் சார்" என்றார். சென்னை வந்து காற்று ஏற்ற உட்கார்ந்தபோதுதான் தேதியைப் பார்த்தேன், எட்டு மாதம் தாண்டியிருந்தது. கூட வந்த ஸ்பேர் சிலிண்டரும் அதே தொகுதி. இரண்டு புது சிலிண்டர் வாங்கியதில் மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பகுதி போயிற்று. அந்த வீட்டம்மா நிலைமை எனக்குத் தெரியாது.

தேதி சரியென்றால், சிலிண்டரை ஏற்றி முள்ளைக் குறித்துக்கொண்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் முள் அதே இடத்தில் நிற்க வேண்டும். பிறகு இருபது ஷாட் குரூப், பாதியில் அரைமணி இடைவெளி விட்டு. முந்தைய கேள்வியில் சொன்ன ரெகுலேட்டர் நோய் இருந்தால் இடைவெளிக்குப் பிந்தைய முதல் ஷாட் காட்டிக்கொடுக்கும்.

"நேத்து வரைக்கும் பத்து பத்தா விழுந்துச்சு. இன்னைக்கு எங்கெங்கேயோ போகுது. ரைஃபிள் போச்சா?"

ரைஃபிள் ஒரே இரவில் போகாது. ஏதோ கழன்றிருக்கும். போன வருடம் ஒரு பையன் இதே கேள்வியோடு வந்தான். அதற்குள் பெல்லட்டை மாற்றியிருந்தான், சைட்டை நாற்பது கிளிக் திருகியிருந்தான், ட்ரிகரைத் தொட்டிருந்தான், பேரலைத் துடைத்திருந்தான். நான் ஸ்டாக்கையும் ஆக்‌ஷனையும் (பேரல் பொருந்தியிருக்கும் உலோகப் பகுதி) இரண்டு கையால் பிடித்து லேசாகத் திருகினேன். "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். ஸ்டாக் ஸ்க்ரூ முக்கால் சுற்றுக் கழன்றிருந்தது. ஸ்க்ரூவை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பேனர்) இறுக்க ஒரு நிமிடம். அவன் கலைத்ததையெல்லாம் திரும்ப நிறுத்த இரண்டு வாரம், நோட்டு எழுதி வைக்காததால்.

அதனால் வரிசை இது: முதலில் ஸ்டாக் ஸ்க்ரூ, அடுத்து பின் சைட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ, முன் சைட், சீக் பீஸ், அப்புறம் சிலிண்டர் முள். எல்லாம் சரியென்றால் நோட்டின் எண்களோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் ஸ்டாக் வரை வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து வைத்தால், கோடு உடைந்திருப்பது பத்தடி தூரத்திலேயே தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியபின் பத்து ஷாட்.

சைட்டைப் பார்ப்பதில் சோம்பல் வேண்டாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ரா விட்ட சைட்டிங் ஷாட் 4-இல் விழுந்தது. சைட்டை யாரோ கலைத்திருக்கிறார்கள் என்று பின்னாளில் அவரே எழுதினார். இருந்த கொஞ்ச நேரத்தில் சைட்டைத் திரும்ப நடுவுக்குச் சரிசெய்துகொண்டு, கடைசி ஷாட்டில் 10.8 போட்டுத் தங்கம் வாங்கினார். நமக்கு அந்த நிதானம் வராது, ஆகையால் ரைஃபிளைக் கண் பார்வையிலேயே வைத்திருப்போம்.

"நம்ம ஊர் ஈரத்துல துரு பிடிக்குதே?"

கேஸில் உள்ள ஸ்பான்ஜ்தான் எதிரி, ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். சுட்டு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, வீட்டில் கேஸைத் திறந்தே வையுங்கள். சிலிக்கா ஜெல் பை இரண்டு போடுங்கள், நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். பேரலுக்குள் எண்ணெய் வேண்டாம், ஃபெல்ட் கிளீனிங் பெல்லட் போதும். ஜாக்கெட்டை வெயிலில் காயவைக்காதீர்கள், கேன்வாஸ் விறைத்துப் போகும். ஃபேனுக்கு அடியில்.

"எக்விப்மென்ட் கன்ட்ரோல்ல என்னைத் திருப்பி அனுப்பிட்டா?"

மேட்சுக்கு முன் ரைஃபிளையும் உடையையும் விதிப்படி அளந்து பார்க்கும் சோதனை அது. பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, முந்தைய வாரம் பார்த்துவிட்டால். எடை 5.5 கிலோவுக்குள். வெயிட்டும் ரைசரும் புது பட் பிளேட்டும் சேரும்போதுதான் அது தாண்டும், ஆகவே எல்லாம் மாட்டிய நிலையில் எடை போடுங்கள். சிலிண்டர் தேதியைச் சொல்லிவிட்டேன். கட்டைவிரல் நுழையும் ஓட்டை, உள்ளங்கைத் தாங்கி, ரசமட்டம் ஆகியவை 10 மீட்டரில் தடை. 50 மீட்டர்க்காரர்கள் வைத்திருக்கும் கொக்கி பட் பிளேட்டைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், இங்கே செல்லாது.

பெரும்பாலும் மாட்டுவது ரைஃபிள் இல்லை, உடை. ஜாக்கெட் துணி ஒற்றையாக 2.5 மி.மீ., இரட்டையாக 5 மி.மீ. தாண்டக்கூடாது. விறைப்பும் அளப்பார்கள், 3 மி.மீ.யாவது வளைந்து கொடுக்க வேண்டும். புது ஜாக்கெட் அந்த ஏ.சி. அறையில் விறைத்துத் தோற்கும். நாலு நாள் போட்டுப் பழக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். சேஃப்டி ஃபிளாக்கை (பேரலுக்குள் பெல்லட் இல்லை என்று காட்டும் கயிறு) மறக்காதீர்கள். ஏர் ரைஃபிளுக்கு அது பேரலின் முழு நீளமும் போய் வெளியே தெரிய வேண்டும். அதனால்தான் கடையில் அந்த ஆரஞ்சுக் கயிறு அவ்வளவு நீளமாக விற்கிறது.

"அண்ணா, முன்னாடி வெயிட் போட்டா ஆட்டம் குறையும்னு கோச் சொல்றார். அக்கா ஒருத்தங்க 300 கிராம் போட்டிருக்காங்க. நானும் போடட்டுமா?"

அந்த அக்காவின் உயரம், கை நீளம், அவர் ரைஃபிளைத் தாங்கும் புள்ளி எல்லாம் வேறு. வெயிட் முன்னால் போனால் ரைஃபிள் ஆடும் வேகம் குறையும். படம் அமைதியாகத் தெரியும். ஆனால் நாற்பதாவது ஷாட்டுக்குப் பிறகு இடது தோள் கேட்க ஆரம்பிக்கும். உங்கள் ரைஃபிளை விரல் மேல் வைத்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தாங்கும் கைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் போதும். ஐம்பது கிராம் சேர்த்து ஒரு முழு அறுபது ஷாட்டும் சுடுங்கள், முதல் பத்தையும் கடைசிப் பத்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதல் பத்து ஏறி, கடைசிப் பத்து இறங்கினால் கழற்றி விடுங்கள்.

"எல்லாம் செக் பண்ணிட்டேன். வைஸ்ல வச்சா ஒரே ஓட்டை. நான் சுட்டா 9.7. இப்ப எந்த பார்ட்டை மாத்தணும்?"

வைஸில் ஒரே ஓட்டை என்றால் ரைஃபிள் தேர்வு எழுதி பாஸ் ஆகிவிட்டது. இனி அதில் ஒரு ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். பெல்லட் இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து தினமும் முப்பது ட்ரை ஃபயர், ஒரு மாதம். ட்ரிகர் விழும்போது முன் சைட் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதை மட்டும் பாருங்கள். துள்ளும் பக்கத்தை என்னிடம் வந்து சொல்லுங்கள், சிலிண்டர் ஏறுவதற்குள் பேசிவிடலாம்.